எரியாத மருந்து

அத்தியாயம் 7

"காணாமப் போனது உங்க கட்டவிரல் நகம் அளவுதான் இருக்கும்" என்றாள் நர்ஸ் மார்வா.

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். முப்பது வருஷம் பாறை வெட்டிய விரல். நகத்தில் பாதியைப் பாறையே வைத்துக்கொண்டது.

"இவர் விரலை வச்சு அளக்காத மார்வா. கேஸ் ரொம்பச் சின்னதாப் போயிடும்" என்றார் சார்ஜண்டம்மா.

சார்ஜண்டம்மா என்றால் வெல்டா கிட்டன்ஸ். போலீஸில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தீவில் ஸ்பைட்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு ரம் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாள், ஸ்கீட். பை தூக்குவது, மாடிப்படி ஏறுவது, தப்பாக ஊகிப்பது, இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

திங்கட்கிழமை காலை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் கண் முகாம். டிரினிடாடிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற டாக்டர் சீச்சரண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கொண்டுவந்த சாமான் எல்லாம் நோயாளிகளுக்குப் போய்விட்டது. பாக்கி ஒரே ஒரு டப்பா, பாக்கி ஒரே ஒரு நோயாளி. இப்போது நோயாளி இருக்கிறாள், டப்பாவைக் காணோம்.

"டப்பாவுக்குள்ள என்ன டாக்டர்? வைரமா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு வடிகால்" என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். வெளிய போற வழி அடைச்சுக்கிட்டா பிரஷர் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுடும். முதல்ல ஓரப் பார்வை போகும். வலிக்காது, அதனால பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. சொட்டு மருந்து போட்டு அடக்குவோம். அதுக்கும் அடங்கலன்னா, மேல் இமைக்கு அடியில ஒரு சின்னத் தகட்டை வச்சுத் தைச்சு, அதுலேருந்து முடி மாதிரி ஒரு குழாயைக் கண்ணுக்குள்ள விடுவோம். தண்ணி வடிஞ்சுடும்."

"அட, நம்ம ரோட்டோரத்து உறிஞ்சு கிணறு!" என்றேன். "மழைத்தண்ணி நிக்காம பூமிக்குள்ள இறக்கிவிடற கிணறு. நான் எத்தனை வெட்டியிருக்கேன் தெரியுமா?"

"நீ வெட்டினதெல்லாம் இப்ப எப்படி இருக்கு ஸ்கீட்?" என்று கேட்டார் சார்ஜண்டம்மா.

"அடைச்சுக்கிச்சு."

"நோயாளி காதுல விழற மாதிரி சொல்லாத."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குச் சாயங்காலம் விமானம். மத்தியானத்துக்குள்ள டப்பா கிடைச்சா ஆபரேஷன். இல்லன்னா அடுத்த வருஷம். அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு ஏற்கனவே போயிடுச்சு. இன்னொரு கண்ணு அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது."

அதோடு சிரிப்பு நின்றது.

சார்ஜண்டம்மா அலமாரியைப் பார்த்தார். நல்ல இரும்பு அலமாரி, நல்ல பூட்டு. பூட்டின் சாவி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணியில் தொங்கியது. மேலே ஒரு அட்டையில் 'சாவி' என்று எழுதியும் வைத்திருந்தார்கள். திருடனுக்கு இதைவிட மரியாதை யாரும் செய்ய முடியாது.

"டப்பாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை காலையில" என்றாள் மார்வா. "அன்னைக்கு மத்தியானம் ஹாலைப் பூட்டினோம். இன்னைக்குத்தான் திறந்தோம்."

"சனிக்கிழமை ஹால்ல எப்பவும் ஆள் இருந்தாங்களா?"

"எப்பவும் இருந்தோம்." கொஞ்சம் யோசித்தாள். "சௌஸ் வந்தப்போ மட்டும் பின்பக்கம் போனோம்."

"யாரெல்லாம்?"

"என்னம்மா கேள்வி? சனிக்கிழமை, வாளி நிறைய சௌஸ், எலுமிச்சை பிழிஞ்சு வெள்ளரிக்கா போட்டு ஊறின பன்னிக்கறி. யாரு உள்ள உக்காந்துக்கிட்டு அலமாரியைப் பாப்பா? எல்லாரும்தான் போனோம்."

"டாக்டரும்?"

"டாக்டர் ரெண்டு தடவை வாங்கிக்கிட்டாரு."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எங்க ஊர் சௌஸ் இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

"அதான் மூணாவது தடவை வாங்கல போல" என்றார் சார்ஜண்டம்மா. "சௌஸ் யாரு கொண்டுவந்தது?"

"டாலி. மினி வேன் ஓட்டறானே, டார்ன்லி பாய்ஸ். நோயாளி ஐயந்தியோட சொந்தத் தம்பி. முகாமுக்கு அவன் செஞ்ச உபகாரம், தான் ஒரு வாய் கூடத் தொடல. ரொம்பத் தங்கமான புள்ள."

"வேற யாராவது வந்தாங்களா?"

"பழைய இரும்பு வாங்கறவன் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தான். உடைஞ்ச நாற்காலி இருக்கான்னு கேட்டான்."

நான் விரலைச் சொடுக்கினேன். "முடிஞ்சுபோச்சு சார்ஜண்டம்மா! இரும்புக்காரன்தான். தகடுன்னு காதுல விழுந்திருக்கும். தூக்கிட்டான்."

"நகத்தளவு தகடு. அதுவும் இரும்பு இல்ல, ரப்பர் மாதிரி ஒண்ணு. அதை எடை போட்டு விக்கறதுக்கு."

"அவனுக்கு அது தெரியாதில்ல?"

"உனக்குத் தெரிஞ்சும் சொல்ற பாரு, அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்று சொல்லிவிட்டு சார்ஜண்டம்மா வராந்தாவுக்குப் போனார்.

ஐயந்தி பாய்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறுபதை நெருங்குகிற பொம்பளை. ஊர்த் திருவிழா ஊர்வலத்துக்கு உடுப்பு தைக்கிற கை. மணி கோக்கிற வேலையெல்லாம் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூப்பிட்டால் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் எங்களைப் பார்த்தாள்.

"கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைக்கும்" என்றார் சார்ஜண்டம்மா. இப்படி உறுதியாகச் சொல்வது அவர் வழக்கம் இல்லை. "ஐயந்தி, மருந்து ஒழுங்காப் போட்டியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

"ஒரு ராத்திரி விட்டதில்ல. கடவுள்மேல சத்தியம். டாக்டர் நம்பமாட்டேங்கறாரு. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது, நீ மருந்து போடலன்னு சொல்றாரு. நான் போடறேன்மா. முன்னெல்லாம் போட்டா மிளகு பட்ட மாதிரி எரியும். இப்ப எரியறதே இல்ல. கண்ணு பழகிடுச்சு."

"எப்பலேருந்து எரியல?"

"போன திருவிழாவுக்குத் தைச்சிட்டிருந்தப்போலேருந்து. சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி கூடச் சொன்னேன்."

"வேற ஏதாவது மாறிச்சா?"

ஐயந்தி வெட்கத்தோடு சிரித்தாள். "சொன்னா சிரிப்பீங்க. இந்த மருந்து போட ஆரம்பிச்சதும் இமைமுடி நீள நீளமா வளந்துச்சு. மருந்துக்கு அப்படி ஒரு குணமாம். இந்த வயசுல எனக்கு அது ஒண்ணுதான் அழகு. அதுவும் உதிர்ந்துபோச்சு. இப்பப் பாருங்க, பழைய பிரஷ் மாதிரி."

"மருந்தை யாரு வாங்கிட்டு வர்றது?"

"டார்ன்லிதான். மருந்துக்கடைக்குப் போறது, வாங்கறது, என் கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கறது, எல்லாம் அவன்தான். பெத்த புள்ள கூட இப்படிப் பாக்காது."

சார்ஜண்டம்மா எழுந்தார். "ஸ்கீட், நீ சொன்னதுதான் சரி. இரும்புக்காரனைப் பாக்கப் போவோம். டாலி வண்டியிலயே போலாம்."

என் ஊகத்தைச் சார்ஜண்டம்மா ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

வழியில் கடையில் நிறுத்தி, பன்னுக்குள் இரண்டு மீன் வடை வைத்து வாங்கினார். "எனக்கா?" என்றேன். "சாட்சிக்கு" என்றார்.

டாலியின் வேன் பஸ் நிலையத்தில் உறுமிக்கொண்டு நின்றது. பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி எல்லாம் நடுங்கியது. டாலிக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும், மலைப்பாம்பு மாதிரி கழுத்து, ஆனால் கண்ணை மட்டும் கடைப் பொம்மையிலிருந்து பிடுங்கி வைத்த மாதிரி இருக்கும். சிமிட்டினால் இமைமுடி விசிறி. அதனால்தான் கிறிஸ்துமஸ் சமயத்திலிருந்து ஊரே அவனை டாலி என்று கூப்பிடுகிறது.

"சார்ஜண்டம்மா! வாங்க, முன்னாடி உக்காருங்க" என்றான். "ஸ்கீட், என் கண்டக்டர் இன்னைக்கு வரல. கதவுகிட்ட நில்லு. இடதுபக்கம் என்ன வருதுன்னு சத்தமாச் சொல்லிட்டே வா."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"டிரைவர் ரோட்டைப் பாப்பானா, பக்கத்தைப் பாப்பானா? அதுக்குத்தானே கண்டக்டர்!"

நியாயமாகத்தான் பட்டது. வண்டி கிளம்பியது. நான் கதவில் தொங்கிக்கொண்டு கத்தினேன். "சைக்கிள்! ஆடு! பாதிரியார்!" ஒவ்வொரு தடவையும் டாலி கொஞ்சம் வலதுபக்கம் ஒதுக்கினான். உள்ளே பதினைந்து பேர் உட்காரும் இடத்தில் இருபது பேர் இருந்தோம். சீமைப்பலாக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா என் காலை மிதித்துவிட்டு, "காலைத் தள்ளி வைக்கத் தெரியாதா?" என்று என்னையே திட்டினாள்.

"டாலி, உன் பாட்டுல இடதுபக்க ஸ்பீக்கர் இருமுதே" என்றார் சார்ஜண்டம்மா.

"பழசு சார்ஜண்டம்மா. மாத்தணும்."

"போன வாரம் நல்லா அலறுச்சே. என் ஆபீஸ் ஜன்னலே ஆடுச்சு."

டாலி கியரை மாற்றினான். ரோட்டையே பார்த்தான். சார்ஜண்டம்மா பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மீன் வடையை எடுத்தார். கையை நீட்டி, டாலியின் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே பிடித்தார். அவன் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். கன்னத்துக்கு நேராக வந்தது வடை. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம். எண்ணெய் சொட்டுகிற வடை அவன் மூஞ்சிக்குப் பக்கத்தில் மிதக்கிறது, அவன் நிம்மதியாக ஓட்டுகிறான்.

திடீரென்று மூக்கை உறிஞ்சினான்.

"மீன் வடை வாசனை வருதே!" என்றான். "யாரு வச்சிருக்கா? எனக்கு ஒண்ணு குடுங்கப்பா."

நான் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இடதுபக்கம் ஒரு லாரி வந்தது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாயில் சத்தம் வரவில்லை. கடைசியில் ஆட்டுக்குட்டி மாதிரி, "லாரி" என்றேன்.

"கொஞ்சம் சீக்கிரம் சொல்லுய்யா" என்று டாலி கோபித்துக்கொண்டான்.

"டாலி, ஓரமா நிறுத்து. எனக்கு வாந்தி வருது" என்றார் சார்ஜண்டம்மா.

வாந்தி என்றால் எந்த வேனும் நிற்கும். நின்றது. சார்ஜண்டம்மா சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். பாட்டு நின்றது. வண்டிக்குள் திடீரென்று எல்லாருடைய மூச்சும் கேட்டது.

"ஸ்கீட், அந்த இடதுபக்க ஸ்பீக்கர் மூடியைக் கழட்டு."

கழற்றினேன். உள்ளே ஒரு துண்டு சுருட்டி அடைத்திருந்தது. துண்டுக்குள் ஒரு வெள்ளை டப்பா. ஒட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"இரும்புக்காரன் இல்லையா?" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

"இல்ல ஸ்கீட். சனிக்கிழமை ஒரு வாளி சௌஸைக் கொண்டுவந்து வச்சுட்டு, தான் ஒரு வாய் கூடச் சாப்பிடாம உள்ள நின்னவன். இந்தத் தீவுல அப்படி ஒருத்தன் இருந்தா, ஒண்ணு பொணமா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும். டாலி மூச்சு விடறான்."

டாலி சட்டென்று குறுக்கே பேசினான். "அதை வித்துடலாம்னு..."

"பொய் சொல்லாத. விக்கறவன் ரெண்டு நாள் ஸ்பீக்கருக்குள்ள வச்சுக்கிட்டுச் சுத்துவானா? நீ அதை வித்துப் பொழைக்க எடுக்கல. உன் அக்கா கண்ணுக்குள்ள அது போயிடக் கூடாதுன்னு எடுத்த." சார்ஜண்டம்மா மீன் வடையைக் கடித்தார். மென்று முடிக்கும்வரை இருபது பேரும் காத்திருந்தோம். "உன் அக்காவுக்கு நீளமா இருந்த இமைமுடி போயிடுச்சு. உனக்கு வந்துடுச்சு. முடி ஒரு மூஞ்சியிலேருந்து இன்னொரு மூஞ்சிக்கு நடந்து போகாது. மருந்துதான் போயிருக்கு. புட்டியிலேருந்து மருந்தை நீ எடுத்துக்கிட்ட. அவளுக்கு என்ன ஊத்தி வச்ச?"

டாலி ஸ்டியரிங்கைப் பார்த்தான். "தண்ணி."

"தண்ணி."

"கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணிதான் சார்ஜண்டம்மா" என்றான் அவசரமாக. "சுத்தமான தண்ணி."

"ரொம்ப அக்கறையான தம்பி."

"எங்கப்பனுக்கும் இதே வியாதி. சுவத்தைத் தடவிட்டே செத்தாரு. எனக்கும் ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போனா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. வண்டி இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது? அக்காவுக்குத்தான் ஒரு கண்ணு ஏற்கனவே போயிடுச்சேன்னு..." அவனே அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு நிறுத்தினான். "குழாய் வச்சுட்டா அப்புறம் சொட்டு மருந்தே வேண்டாம்னு நர்ஸ் பேசிக்கிட்டாங்க. புட்டி நின்னுடும். அப்புறம் எனக்கு?"

நான் அவன் நண்பன். அவனோடு எத்தனையோ தடவை ரம் குடித்திருக்கிறேன். ஒரு நல்ல நக்கல் தேடினேன், கிடைக்கவில்லை.

சீமைப்பலாக் கூடைக்கார அம்மா மெதுவாக எழுந்து நின்றாள். "இந்த வண்டியிலதான் நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறேன்" என்றாள். "போய்ச் சேரும்போது ஏன் இவ்வளவு பக்தி வருதுன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

வண்டியைச் சார்ஜண்டம்மாவே திருப்பி ஓட்டினார். டாலி நடு இருக்கையில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து வந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள காத்துப் போகல. சுத்தமா இருக்கு" என்றார். "ஆனா இது ஸ்பீக்கர்ல என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"பாட்டு கேட்டுச்சு" என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

ஆபரேஷன் நடக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஐயந்திக்கு விஷயத்தைச் சார்ஜண்டம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். அவள் எழுந்து உள்ளே நடந்து போனாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். டாலி பிடிக்க ஓடினான். அவள் கையை உதறினாள்.

சாயங்காலம் டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு வந்தார். ஐயந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பார்வை இருந்த ஒரே கண்ணுக்கும் மேலே மூடி போட்டிருந்தது.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார் டாக்டர். "போன பார்வை வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். ஒரு விஷயம். குழாயை நூலால கட்டி வச்சிருக்கேன். உடனே திறந்துவிட்டா தண்ணி ஒரேயடியா வடிஞ்சு கண்ணு சுருங்கிப்போயிடும். நூல் தானாக் கரையறதுக்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பழைய சொட்டு மருந்தை விடாமப் போடணும். அப்புறமும் தேவைப்படலாம், பாத்துதான் சொல்லணும்."

"அப்ப புட்டி நிக்காதா?" என்றான் டாலி.

"நிக்காது" என்றார் சார்ஜண்டம்மா. "வாளி சௌஸ் செலவு பண்றதுக்குப் பதிலா வாயத் தொறந்து கேட்டிருந்தா இதை இலவசமாச் சொல்லியிருப்பாங்க."

டாக்டர் டாலியையும் பரிசோதித்திருந்தார். "உங்களுக்கு ரெண்டு பக்க ஓரப் பார்வையும் போயிடுச்சு. இனி வண்டி ஓட்டக் கூடாது. ஆனா கண்ணுல பிரஷர் ரொம்ப அருமையா இருக்கு. நான் இந்த முகாம்ல பாத்ததுலயே உங்களுக்குத்தான் நல்ல வைத்தியம் நடந்திருக்கு. யாரு உங்க டாக்டர்?"

"நான்தான்" என்றாள் ஐயந்தி கட்டிலிலிருந்து.

டாக்டருக்கு விமானம். ஒன்றும் புரியாமல் கிளம்பிப் போனார். சார்ஜண்டம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். "ஐயந்தி, புகார் குடுக்கறதுன்னா இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். நீ சொல்றதுதான்."

"வண்டி சாவி உங்ககிட்டதானே இருக்கு? அதைக் குடுங்க."

சார்ஜண்டம்மா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"டார்ன்லி, இங்க வந்து கட்டில்ல உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான். ஐயந்தி கையால் துழாவி அவன் தோளைக் கண்டுபிடித்தாள். பிறகு சாவியைப் பிடித்த கையைத் தூக்கி, அவன் காதுக்குப் பக்கத்தில் நீட்டினாள். அந்தச் சாவி அவள் கண்ணுக்கும் தெரியாது, அவன் கண்ணுக்கும் தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரிந்தது.

"சாவியை நீட்டிட்டிருக்கேன். எடுத்துக்கோ" என்றாள். "எடுத்துட்டா வண்டி உன்னுது. ஓட்டிட்டுப் போ. புகாரும் கிடையாது. தலையை மட்டும் திருப்பாத. ரோட்டைப் பாக்கற மாதிரி நேராப் பாரு."

டாலி நேராகப் பார்த்தான். கையைத் தூக்கினான். வலதுபக்கம் காற்றைத் தடவினான். அப்புறம் முன்னால். அந்தப் பெரிய இமைமுடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"எங்க இருக்குக்கா?" என்றான்.

"உன் பக்கத்துலதான்டா இருந்துச்சு" என்றாள் ஐயந்தி. "இவ்வளவு நாளும் பக்கத்துலதான் இருந்தேன்."

கையை மடக்கிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில மருந்துக்கடைக்குப் போ. ரெண்டு புட்டி வாங்கு. ஒண்ணு என் பேருல, ஒண்ணு உன் பேருல. உன் பேரைச் சத்தமாச் சொல்லி வாங்கு, கடையில எல்லாருக்கும் கேக்கணும். வந்து என் புட்டியை என் கையில குடு. எரியுதான்னு நான் பாத்துக்கறேன். எரியலன்னா அன்னைக்கே ஸ்டேஷன்." தலையணைக்கு அடியில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நடந்து போ."

வெளியே வந்தோம். டாலியின் வேன் சர்ச் வாசலில் ஊமையாக நின்றது. ஊருக்குள் போக வேறு வண்டி வருகிற மாதிரி தெரியவில்லை. என் முதுகு தன் பாட்டைப் பாட ஆரம்பித்தது. சார்ஜண்டம்மா பையை என் தோளில் மாட்டிவிட்டு ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினார்.

"ஸ்கீட், இடதுபக்கம் என்ன வருதுன்னு சொல்லிட்டே வா."

"மீன் வடைக் கடை" என்றேன்.

"நிறுத்து வண்டியை" என்றார்.